டேங்கிலிருந்து தொடங்கு

வண்டி பட்டறைக்குள் வருவதற்கு முன்பே அதன் நோய் என் காதில் விழுந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய மோரிஸ் மைனரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜன்னல் வழியாக ஸ்டீரிங்கைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தவர் சாவியை மூட மறந்திருந்தார். பானட்டுக்குள்ளிருந்து டிக்டிக்டிக்டிக் என்று ஓயாத சத்தம். அந்தக் கால இங்கிலாந்து வண்டிகளில் இருக்கும் எஸ்.யூ. எலெக்ட்ரிக் பம்ப் அது. கார்புரேட்டர் நிறைந்துவிட்டால் நாலைந்து தட்டு தட்டிவிட்டு அடங்கிவிடும். பெட்ரோல் கிடைக்காமல் வெறும் காற்றை இழுக்கும்போதுதான் இப்படி அடித்துக்கொள்ளும்.

“பெட்ரோல் ஃபுல்லா இருக்குங்க. மீட்டரைப் பாருங்களேன். பம்ப்தான் போயிடுச்சு போலிருக்கு” என்றார் வந்தவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1951-ஆம் வருஷத்து மாடல், அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. சென்னையில் ஒரு பட்டறையில் எட்டு மாதம் விட்டு, தகரம் மாற்றி, பெயின்ட் அடித்து, புதுசுபோல் எடுத்திருந்தார். முதல் நீண்ட பயணமே இதுதான்.

“சார், முதல்ல சாவியை மூடுங்க. பம்ப் நல்லா இருக்கு. டேங்க்லதான் ஒண்ணும் இல்ல.”

அவர் நம்பவில்லை. நம்ப முடியாததுதான். முள் முழு டேங்கைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு மெக்கானிக் வண்டியைத் தொடாமலே காலி என்கிறான்.

காலாப்பட்டில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஈ.சி.ஆரில் சென்னையிலிருந்து வந்தால் கணபதிசெட்டிகுளத்தில் புதுச்சேரி தொடங்கும். காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி என்று கொஞ்ச தூரம். பிறகு மறுபடி தமிழ்நாடு. அதைத் தாண்டித்தான் புதுச்சேரி டவுன். கடலோரத்தில் தனியாகக் கிடக்கும் துண்டு நாங்கள். இந்தத் துண்டுக்குள் நுழைந்தால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அதனால் சென்னையிலிருந்து வருகிறவர்கள் வழியில் எத்தனை பங்க் வந்தாலும் நிறுத்த மாட்டார்கள். பாண்டி எல்லையில் போட்டுக்கொள்ளலாம் என்று மரக்காணம் உப்பளத்தையெல்லாம் தாண்டி முள்ளை நம்பியே வருவார்கள். முள் சரியாக இருக்கிறவரை கணக்கும் சரிதான். அது பொய் சொன்னால், எல்லைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிடும். பிறகு என் பட்டறைதான்.

உள்ளே எட்டிப் பார்த்து, சாவியை ஒரு தடவை மட்டும் திறந்து மூடினேன். பம்ப் சத்தத்தைக் கேட்க அல்ல, முள்ளைப் பார்க்க. சாவி திறந்த கணத்தில் முள் விருட்டென்று எழுந்து, ‘எஃப்’ கோட்டில் நிற்காமல் அதையும் தாண்டிப் போய் முட்டிக்கொண்டது. எனக்கு வேண்டிய இரண்டு சேதியும் அதிலேயே கிடைத்துவிட்டன. ஒன்று, இது எந்த ஜாதி மீட்டர் என்பது. மற்றது, கோளாறு மீட்டரில் இல்லை, பின்னால் டேங்க் பக்கம் எங்கோ எர்த்துக்குப் போகும் வழி அறுந்திருக்கிறது என்பது. எந்த முழு டேங்கும் முள்ளைக் கோட்டுக்கு மேல் தள்ளாது.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மேஸ்திரி. முத்தியால்பேட்டையில் அவருக்கு ஓலை வேய்ந்த பட்டறை. 1981-இல், பதினாறு வயதில், ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னை என் மாமா அவரிடம் கொண்டுபோய் விட்டார். மேஸ்திரி தொழில் பழகியது பிரெஞ்சுக்காரர் காலத்தின் கடைசியில். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, வண்டி துடைக்கிற பையன். அதனால் அவர் வாயில் தமிழும் பிரெஞ்சும் கலந்தே வரும். பெட்ரோல் அளக்கிற குச்சிக்கு ‘ழோழ்’ என்பார். மீட்டருக்கும் அதே பெயர்தான். இரண்டும் ஒரே வேலையைச் செய்கிறவை என்பது அவருடைய எண்ணம்.

அவருடைய குச்சி தேக்கில் செதுக்கியது, ஒரு முழ நீளம், லிட்டருக்கு ஒரு வெட்டு. டேங்க் கோளாறு என்று எந்த வண்டி வந்தாலும் முதலில் குச்சியைத்தான் கையில் எடுப்பார். “முள்ளு சொல்றத அப்புறம் கேட்கலாம். டேங்க் என்ன சொல்லுதுன்னு முதல்ல பாருடா தம்பி.”

மோட்டார் வண்டியின் முதல் பெட்ரோல் மீட்டரே குச்சிதான். 1908 முதல் 1927 வரை ஓடிய ஃபோர்டு மாடல் டி-யில் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் உட்கார்ந்திருப்பவர்கள் இறங்க வேண்டும், சீட்டைத் தூக்க வேண்டும், மூடியைத் திறந்து குச்சியை விட வேண்டும். அதற்கடுத்த மாடல் ஏ-யில் டேங்கை டேஷ்போர்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். டேங்குக்குள் மிதக்கும் மிதவையே நேராக எண்ணைக் காட்டும். ஒயரும் இல்லை, மின்சாரமும் இல்லை. 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோன் காட்டிய டூ செவோ வண்டியிலோ, அத்தனை வருஷம் கழித்தும், ஆரம்ப மாடல்களில் மறுபடி குச்சிதான். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1960-களின் தொடக்கம் வரைக்கும் மீட்டரே கிடையாது. எஞ்சின் திக்கினால் காலால் ஒரு திருகைத் திருப்பி ரிசர்வுக்குப் போய்விட வேண்டும்.

டேங்கை நெருப்புக்கும் ஆட்களுக்கும் தூரமாகப் பின்பக்கம் கொண்டுபோனதும்தான் பெட்ரோலுக்கும் ஓட்டுகிறவர் கண்ணுக்கும் நடுவில் பத்தடி ஒயர் வந்தது. என் தொழில் அந்தப் பத்தடியில்தான் இருக்கிறது.

என் பத்தொன்பதாவது வயதில் ஒரு ஆஸ்டின் ஏ-40 வந்தது. முள் எழவே இல்லை. மேஸ்திரி வெளியே போயிருந்தார். நான் நேராக டேஷ்போர்டைக் கழற்றி மீட்டரை வெளியே எடுத்தேன். கண்ணாடி வளையத்தை நெம்பிப் பிரித்து முள்ளை விரலால் அசைத்தேன். முள் வளைந்துவிட்டது. நேராக்கப் போனபோது, தலைமுடியைவிட மெல்லிய செப்புக்கம்பி ஒன்று அறுந்தது. மேஸ்திரி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டிக்கியைத் திறந்து, டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரை எனக்குக் காட்டினார். இன்சுலேஷன் உரிந்து ஒயர் பாடியில் உராய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஜாண் டேப் சுற்றினால் தீர்ந்திருக்கும் வேலை. அந்த மீட்டருக்கு ஈடாக இன்னொன்று கிடைக்க நாலு மாதம் ஆனது. அதுவரை வண்டிக்காரர் குச்சியோடுதான் போய்வந்தார். அன்றிலிருந்து, பின்னால் டேங்க் பக்கச் சோதனைகளை முடிக்காமல் நான் டேஷ்போர்டில் கை வைப்பதில்லை.

மீட்டரில் இரண்டு ஜாதி உண்டு. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் நல்ல பொருளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஜாதியில் முள்ளின் அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. அதன் இருபுறமும் இரண்டு காயில், அதாவது கம்பிச்சுருள். ஒன்று முள்ளைக் ‘காலி’ பக்கம் இழுக்கும், மற்றது ‘நிறைவு’ பக்கம் இழுக்கும். சாவி வழியாக வரும் மின்சாரம் முதல் காயிலைக் கடந்ததும் அதற்கு இரண்டு வழி உண்டு. இரண்டாவது காயில் வழியாக எர்த்துக்குப் போகலாம். இல்லாவிட்டால் ஒயர் வழியாகப் பின்னால் போய், டேங்கில் இருக்கும் யூனிட்டைக் கடந்து எர்த்தாகலாம். டேங்க் யூனிட் என்பது மெல்லிய கம்பி சுற்றிய ஒரு பட்டையும், அதன்மேல் வழுக்கும் ஒரு கையும், கையின் நுனியில் மிதவையும்தான். டேங்க் காலியாக இருந்தால் யூனிட்டில் தடை ஏறக்குறைய பூஜ்யம். மின்சாரம் முழுக்க அந்தச் சுலபமான வழியிலேயே ஓடிவிடும். இரண்டாவது காயில் பட்டினி கிடக்கும், முள் காலியில் படுத்திருக்கும். மிதவை ஏற ஏறத் தடை கூடும். நிறைந்த டேங்கில் 70, 80 ஓம் வரை போகும். அப்போது இரண்டாவது காயிலுக்கும் பங்கு கிடைத்து, அது முள்ளைத் தன் பக்கம் இழுக்கும். இந்த ஏற்பாட்டின் அழகு, பேட்டரி இளைத்தாலும் இரண்டு காயிலும் சேர்ந்தே இளைக்கும் என்பது. முள் இடம் மாறாது.

இப்போது டேங்குக்குப் போகும் ஒயர் அறுந்தாலோ, யூனிட்டின் எர்த் விட்டுப்போனாலோ என்ன ஆகும்? பின்வழி அடைபட்டு மின்சாரம் முழுக்க இரண்டாவது காயிலுக்கே வரும். முள் நிறைவையும் தாண்டிப் போய் முட்டும். காலி டேங்கோடு நிற்கும் வண்டியிலும் அது நிறைவையே காட்டும்.

1960-களின் நடுவாக்கில் இங்கிலாந்து வண்டிகளில் பரவலான அடுத்த ஜாதி வேறு. உள்ளே காயில் கிடையாது. இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகட்டின்மேல் சூடேற்றும் கம்பி சுற்றியிருக்கும். மின்சாரம் கூடினால் தகடு சூடாகி வளையும், முள்ளைத் தள்ளும். பேட்டரி ஏறி இறங்கினால் இதில் முள்ளும் ஏறி இறங்கும் என்பதால் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்று கூடவே வரும். இதன் டேங்க் யூனிட் தலைகீழ்: காலியில் 240 ஓம் போல, நிறைவில் 30-க்குப் பக்கம். ஆகவே கோளாறும் தலைகீழ். ஒயர் அறுந்தால் முள் காலியில் கிடக்கும். ஒயர் பாடியில் ஷார்ட் ஆனால் நிறைவுக்குப் போகும்.

இரண்டையும் பிரித்தறிய மீட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. சாவியைத் திறந்து முள் எப்படி எழுகிறது என்று பார்த்தால் போதும். காயில் மீட்டரில் அது துள்ளி எழும். வண்டி வளைவில் திரும்பும்போது பெட்ரோல் அலம்புவதையும் காட்டி ஆடும். சூட்டுத் தகடு மீட்டரில் முள் தூங்கி எழுவதுபோல் மெதுவாக, அரை நிமிஷம் எடுத்துக்கொண்டு ஏறும். அதில் பெட்ரோல் முள்ளோடு டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து கோளாறு காட்டினால் இரண்டையும் விட்டுவிட்டு ஸ்டெபிலைசரின் எர்த்தைப் பார்க்க வேண்டும்.

இது தெரியாமல் வாங்கிய யூனிட்டைப் போட்ட வண்டி ஒன்று வந்தது. பழைய மாடல் அம்பாசிடர், காயில் மீட்டர், ஆனால் டேங்கில் பிந்தைய மாடலின் யூனிட். பெட்ரோல் ஊற்ற ஊற்ற முள் இறங்கியது. அதன் சொந்தக்காரர் இரண்டு மீட்டர் மாற்றிப் பார்த்துவிட்டு, மூன்றாவதும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஜாதிக்கும் டேங்கில் உட்காரும் வட்டம் ஒன்றுபோல இருந்துவிட்டால் கடைக்காரரும் தந்துவிடுவார், பொருத்துகிறவரும் பொருத்திவிடுவார். ஓம் பார்க்காமல் யூனிட் வாங்கக் கூடாது.

மைனருக்கு வருகிறேன். டிக்கியைத் திறந்து, சாமான்களை இறக்கி, அடிப்பலகையை எடுத்தேன். டேங்க் தெரிந்தது. மேலேயே யூனிட், சுற்றிலும் திருகுகள், நடுவில் ஒரே ஒரு ஒயர். அதைக் கழற்றினேன். முன்னால் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த என் பட்டறைப் பையன், “அப்படியேதாண்ணே நிக்குது” என்றான். ஏற்கெனவே அறுந்த வழியை மறுபடி அறுத்தால் என்ன மாறும்? பிறகு ஒயரின் நுனியில் ஒரு நீள ஒயரைக் கவ்வி, டிக்கிக்கு வெளியே கொண்டுவந்து, பம்பர் போல்ட்டைச் சுரண்டி அதில் தொட்டேன். “விழுந்துடுச்சுண்ணே! காலிக்கு வந்துடுச்சு.” ஆக, மீட்டர் நலம், பத்தடி ஒயரும் நலம்.

ஒயரின் நுனியை டேங்குக்குப் பக்கத்திலேயே தொட்டுப் பார்க்காமல் வெளியே இழுத்து வந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் உண்டு. மேஸ்திரியின் பட்டறையில் என்னோடு பழகிய ஒருவன், யூனிட்டைக் கழற்றி ஓட்டை திறந்திருக்கும்போதே அதன் அருகில் ஒயரை உரசிவிட்டான். காலி டேங்க்தானே என்று நினைத்தான். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து; உள்ளே முழுக்கப் பெட்ரோல் ஆவி. ‘பொக்’ என்று ஒரே ஒரு சத்தம். அவனுடைய வலது கையும் முகத்தின் ஒரு பக்கமும் வெந்தன. பிழைத்தான், ஆனால் தொழிலை விட்டுவிட்டான். இன்றைக்கும் என் பட்டறையில் யூனிட்டின் முதல் திருகு கழல்வதற்கு முன் பேட்டரி கழன்றிருக்க வேண்டும். டெஸ்ட் லாம்பை டேங்க் பக்கம் கொண்டுபோக விடமாட்டேன். பேட்டரி ஒயரை நேராக யூனிட்டுக்குக் கொடுத்துப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது அந்த மெல்லிய கம்பியை எரித்துவிடும், அதைவிடப் பெரியதும் எரியலாம்.

சாவியை மூடி, பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். யூனிட்டின் முனைக்கும் அதன் மேல்தட்டுக்கும் நடுவில் 2 ஓம். யூனிட் சரியாக இருக்கிறது; ‘நான் காலி’ என்று உண்மையைத்தான் சொல்கிறது. அடுத்து, முனைக்கும் டேங்கின் தகரத்துக்கும். பெயின்டைச் சுரண்டிவிட்டுத் தொட்டேன். அதுவும் 2 ஓம். கடைசியாக முனைக்கும் வண்டியின் பாடிக்கும். மல்டிமீட்டரில் எண்ணே வரவில்லை. டேங்குக்கும் வண்டிக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இல்லை.

சொந்தக்காரரை அழைத்துக் காட்டினேன். டேங்கைக் கழற்றித் துரு எடுத்து, மிக நேர்த்தியாகக் கனத்த கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டேங்கின் விளிம்புக்கும் டிக்கித் தகரத்துக்கும் நடுவில் புது ரப்பர் பட்டை. திருகுகளின் மரையிலும் பெயின்ட். பெட்ரோல் குழாயின் இணைப்பில் புது ரப்பர் ஹோஸ். ஒவ்வொன்றும் நல்ல வேலை. எல்லாம் சேர்ந்து டேங்கை மின்சாரத்துக்குத் தீவாக்கிவிட்டன. இந்தப் பழைய வண்டிகளில் டேங்க் யூனிட்டுக்கு எர்த் ஒயர் என்று தனியாகக் கிடையாது. வெறும் தகரத்தோடு வெறும் தகரம் இறுகி நிற்பதுதான் எர்த். பெயின்ட் அடிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அதுவரை ஒழுங்காக இருந்த மீட்டர், வண்டி புதுசானதும் கெட்டுப்போவது இதனால்தான்.

“அப்போ டெலிவரி எடுத்த நாள்லேருந்தே முள் ஃபுல்லாதான் இருந்திருக்கு” என்றார் அவர், யோசித்தபடி. “மைலேஜ் நல்லா கிடைக்குதுன்னு நினைச்சேன்.”

எங்கள் ஊரில் எர்த்தைக் கெடுக்க அடுத்த பட்டறைக்காரர் பெயின்ட் அடிக்கத் தேவையில்லை, கடற்காற்றே செய்துவிடும். என் பட்டறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அலை. இரவு திறந்து வைத்த ஸ்பேனர் காலையில் பழுப்பேறியிருக்கும். பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பூக்கும். கோயம்புத்தூரில் பத்து வருஷம் தாங்குகிற எர்த், இங்கே மூன்றாம் மழைக்கு விட்டுப்போகும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது. கரையோரம் நின்ற வண்டியெல்லாம் உப்புத் தண்ணீரில் குளித்தது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் எனக்கு எர்த் வேலைதான். வரிசையாக நின்ற வண்டிகளில் காயில் மீட்டர்கள் எல்லாம் நிறைவைக் காட்டின, தகடு மீட்டர்கள் எல்லாம் காலியைக் காட்டின. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: உப்புத்தாள், ஒரு துண்டு ஒயர், கொஞ்சம் வாசலின்.

மைனருக்கும் அதையேதான் செய்தேன். யூனிட்டின் ஒரு திருகின்கீழ் லக் அடித்த ஒயரை வைத்து, டிக்கியின் ஓரத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு பெயின்டைப் பளிச்சென்று சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினேன். மேலே வாசலின் தடவினேன். அவருடைய முகம் சுரண்டும்போது சுருங்கியது. எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய பெயின்ட். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திறந்தோம். முள் ஒரு துடி துடித்துவிட்டுக் காலியில் படுத்தது.

வேலை முடிந்தது என்று அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் முழுதாகக் காலியான டேங்க் என் கைக்குக் கிடைப்பது அபூர்வம். பங்கிலிருந்து கேனில் 5 லிட்டர் வாங்கிவரப் பையனை அனுப்பிவிட்டு, யூனிட்டைக் கழற்றி மிதவையையும் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. மறுபடி பேட்டரியைக் கழற்றினேன்.

யூனிட்டில் மூன்று விதமான நோய் பார்த்திருக்கிறேன். பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்துவிடும். அது மூழ்கிக் கிடக்கும், முள் எப்போதும் காலி. காதருகே ஆட்டினால் களுக் என்று கேட்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் துளை இருக்கிற இடத்தில் குமிழி வரும். உள்ளே இருக்கும் பெட்ரோல் சொட்டுகூட மிச்சமில்லாமல் வெளியேறும்வரை வெந்நீரில் வைத்துக் காயவிட்டுத்தான் ஈயம் பற்ற வேண்டும். அவசரப்பட்டால் பற்றுகிற சூட்டில் மிதவை வெடிக்கும்.

இரண்டாவது, கார்க் மிதவை. அந்தக் காலத்தில் கார்க்கின்மேல் அரக்குப் பூச்சு பூசுவார்கள். பெட்ரோல் அரக்கைக் கரைக்காது, ஐம்பது வருஷம்கூட நிற்கும். ஆனால் இப்போது பங்கில் வருவது பழைய பெட்ரோல் இல்லை. 2023 முதல் படிப்படியாக 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது வருகிறது. எத்தனால் என்பது சாராயம். அரக்கைக் கரைப்பதற்குத் தச்சர்கள் காலங்காலமாக ஊற்றுவதே அந்த வகைச் சாராயத்தைத்தான். பூச்சு கரைந்து கார்க் ஊறிப்போய் மூழ்குகிறது. அதோடு எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். நாளாக நாளாகத் தண்ணீர் டேங்கின் அடியில் சேர்ந்து தகரத்தைத் தின்னும். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கார்க் மிதவை இருந்தால் எத்தனால் தாங்குகிற பூச்சு பூசுங்கள், அல்லது மிதவையை மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் பெட்ரோலை இறக்கிவிடுங்கள்.

மூன்றாவது மிதவையின் நோய் அல்ல, அதன் கை வழுக்கும் கம்பிப் பட்டையின் நோய். வழுக்கி வழுக்கிக் கம்பி ஓரிடத்தில் தேய்ந்து அறுந்துவிடும். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் சொந்தக்காரரின் பழக்கம் தெரிந்துவிடும். எப்போதும் நூறு ரூபாய்க்கு, இருநூறு ரூபாய்க்கு என்று போட்டு ஓட்டிய வண்டியில் கால் டேங்குக்குக் கீழேதான் தேய்வு. நிறைத்தே ஓட்டியவரின் பட்டை முழுக்கச் சீராகத் தேய்ந்திருக்கும். காயில் மீட்டரில் அந்த அறுந்த இடத்தைக் கை கடக்கும்போதெல்லாம் முள் ஒரு கணம் நிறைவுக்குத் துள்ளிவிட்டு வரும்.

மைனரின் பட்டை சீராக இருந்தது. கம்பியில் ஓரிடத்தில்கூட வெட்டு இல்லை.

“அப்பா எப்பவும் ஃபுல் டேங்க்தான் போடுவார்” என்றார் அவர். “மாசம் பொறந்தா முதல் செலவு அதுதான்.”

மிதவையும் நன்றாக இருந்தது. புதுப் பேக்கிங் வெட்டிப் போட்டு மூடினேன். எர்த் ஒயர் இருந்த திருகைக் கடைசியாக இறுக்கினேன். பிறகு பேட்டரியை மாட்டி, சாவியைத் திறக்கச் சொல்லிவிட்டு, கேனிலிருந்து அளவுக் குவளையில் ஊற்றி ஒவ்வொரு லிட்டராக விட்டேன். மேஸ்திரியின் குச்சியில் இருந்த வெட்டுகள் இப்படிப் பிறந்தவைதான். இந்த டேங்க் ஐந்து கேலன், நம் கணக்கில் 22 லிட்டருக்குச் சற்று மேல். முதல் லிட்டருக்கு முள் அசையவில்லை. மிதவைக்கு எட்டாத அடிப் பெட்ரோல் அது. இரண்டாவதில் கோட்டை விட்டு நகர்ந்தது. ஐந்தாவதில் கால் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. ஒவ்வொன்றையும் அவரே பில் புத்தகத்தின் பின்தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டார், முள்ளின் படத்தோடு. மீதியைப் பங்கில் போடும்போதும் இதேபோல ஐந்தைந்து லிட்டராகப் போடச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

“காலின்னு காட்டும்போது உள்ள ஒரு லிட்டருக்கு மேல இருக்கும் சார். ஆனா அதை நம்பி மரக்காணம் தாண்டாதீங்க.”

அவர் அந்தத் தாளை மடித்து, வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்தார். பம்ப் ஆறேழு தட்டு தட்டிவிட்டு நின்றது.